மஞ்சள் முடிச்சு

அத்தியாயம் 12

விடியற்காலை நாலு நாற்பதுக்கு அப்பாவின் கைபேசி அடித்தது.

அவர் போய் பத்து மாதம் ஆகிறது. அவர் ஓட்டிக்கொண்டிருந்த பள்ளிப் பேருந்தை இப்போது வேறு ஒருவர் ஓட்டுகிறார். அவர் வைத்துவிட்டுப் போன அலாரம் மட்டும் இன்னும் தினமும் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறது. அந்தக் கைபேசியைத் திறக்கும் எண் யாருக்கும் தெரியாது. சார்ஜ் போடாமல் விட்டால் தானே ஓய்ந்துவிடும். ஆனால் அம்மா கலுண்டே அதற்குச் சார்ஜ் போட்டுவிட்டுத்தான் படுக்கப் போகிறாள். ஏன் என்று முத்தேயு கேட்டதில்லை. அவள் தம்பி முமோவும் கேட்டதில்லை.

இன்று அது அடிப்பதற்கு முன்பே முத்தேயு விழித்திருந்தாள். ஒன்பது நாளாக அப்படித்தான்.

இன்றுதான் இந்த வீட்டுக்குள் முதல்முறை நுழைகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. மச்வேயோ என்று ஒரு பாட்டுக் குழு. பின்னால் பெரிய கம்பெனி எதுவும் கிடையாது. ஐந்து பேர், ஒரு பழைய வேன், சொந்தமாக எழுதிய பாட்டுகள், அவ்வளவுதான். பாடுகிறவன் கூமே. டிரம் வாசிப்பவன் முமோ. குழுவுக்கு ரசிகர்களைச் சேர்த்துக் கொடுத்தவள் முத்தேயு. ஆறு வருஷத்துக்கு முன் பதினோரு பேரோடு அவள் ஆரம்பித்த கூட்டம் இன்று நாலாயிரத்தைத் தாண்டிவிட்டது. அப்பாவை மச்சாகோஸ் மலையடிவாரத்தில் அடக்கம் செய்த அன்று பாதிரியார் வந்த கார் வழியில் நின்றுவிட்டது. திறந்த குழியருகில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற குடும்பத்துக்கு முன்னால், ஒன்றரை மணி நேரம் ஒற்றை ஆளாகப் பாடியவன் கூமே.

அந்தக் கூமேயைப் பற்றித்தான் வகேஷோ என்ற பத்தொன்பது வயதுப் பெண் ஒன்பது நாளைக்கு முன் தன் பெயரையும் முகத்தையும் போட்டு இணையத்தில் எழுதியிருந்தாள். போன அக்டோபரில் அவள் போனது அவளுடைய முதல் கச்சேரி. முடிந்ததும் கூமே நேராக அவளிடம் வந்து, 'தனியாத்தானே வந்தே, நான் கொண்டுபோய் விடறேன்' என்றான். வேன் அவள் விடுதிக்குப் போகவில்லை. 'இறக்கி விடுங்கன்னு மூணு தடவை சொன்னேன்' என்று எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு நடந்தது நாலே வரி. முத்தேயு அந்த நாலு வரியை ஒரே ஒரு தடவைதான் படித்தாள். அது போதுமாக இருந்தது.

எல்லாம் பொய் என்று கூமே ஒரு காணொளி போட்டான். ரசிகர்கள் இரண்டாக உடைந்தார்கள்.

முத்தேயுவின் தூக்கத்தைக் கெடுத்தது அந்தச் சண்டை அல்ல. ஒரு முடிச்சு.

கச்சேரிக்கு முதல்முறை வருகிறவர்களின் மணிக்கட்டில், பெண்கள் இடுப்பில் சுற்றும் லேசோ என்ற மஞ்சள் துணியில் கிழித்த ஒரு பட்டையை வாசலிலேயே கட்டிவிடுவது அவள் கொண்டுவந்த வழக்கம். ஒரு முடிச்சு என்றால் புதியவர். இரண்டு முடிச்சு என்றால் புதியவர், கூட யாரும் வரவில்லை. இரண்டு முடிச்சுக்காரர்களைக் கச்சேரி முடிந்ததும் வண்டி ஏறும்வரை கூடவே போய் விட்டுவர எட்டுப் பேர் இருந்தார்கள். இரண்டாவது முடிச்சின் அர்த்தம் அந்த எட்டுப் பேருக்கு மட்டும்தான் தெரியும். கட்டிக்கொள்கிறவர்களிடம்கூடச் சொல்வதில்லை. தெரிந்தால் கூச்சப்படுவார்கள்.

எட்டுப் பேருக்கு வெளியே ஒருவனுக்கும் தெரியும். அடக்கம் முடிந்த அன்று, மாமரத்தடியில் தட்டோடு உட்கார்ந்திருந்த கூமே, "என் ஜனங்கள எப்படி இவ்வளவு பத்திரமா பாத்துக்கற?" என்று கேட்டான். நன்றியில் நெஞ்சு நிறைந்திருந்த முத்தேயு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

வகேஷோவின் கையில் இரண்டு முடிச்சு போட்டவளும் அவள்தான்.

ஒன்பது நாளாக அவள் கைபேசியில் பதில் போடாத ஒரு செய்தி கிடக்கிறது. 'முத்தேயு அக்கா, என்னை ஞாபகம் இருக்கா? வோய் ஊர்லேருந்து வந்தவ.'

*

ஒன்பது மணிக்குச் சமையலறையில் முத்தோக்கோய் கொதித்துக்கொண்டிருந்தது. தோல் நீக்கிய சோளமும் அவரையும் சேர்ந்து வேகிற மணம். அந்த ஊரின் ஜூன் மாதக் குளிருக்கு ஜன்னல்களையெல்லாம் சாத்தியிருந்தார்கள்.

"கச்சேரிக்குப் போடற மஞ்ச சட்டைய இஸ்திரி போட்டு வெச்சிருக்கேன்" என்றாள் அம்மா.

"நான் போறதா இன்னும் முடிவு பண்ணலம்மா."

"இதுல முடிவு பண்ண என்ன இருக்கு? நாலு மணிக்குக் கச்சேரி. நீ எந்தக் கச்சேரிக்குப் போகாம இருந்திருக்க?"

முமோ தரையில் உட்கார்ந்து டிரம்மின் வெண்கலத் தட்டுகளைப் பழைய துண்டில் சுற்றிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமலே பேசினான்.

"அக்கா, நீ பேச வேணாம், கை தட்ட வேணாம். முன்வரிசையில நின்னா போதும். கேமரா உன்னத்தான் தேடும். நீயே வரலைன்னா எங்க கதை முடிஞ்சுது. டிசம்பர்ல கம்பாலா, தாருஸ்ஸலாம் கச்சேரி, எல்லாம் போச்சு."

"வகேஷோ எழுதினதப் படிச்சியா?"

"படிச்சேன்."

"முழுசா?"

"ஏன், பரீட்சை வெக்கப் போறியா?"

"வெச்சா பாஸ் பண்ணுவியா?"

அவன் துண்டை இறுக்கிக் கட்டினான். வாயாடியான தம்பி பதில் சொல்லாமல் இருந்தது அவளுக்குப் புதிதாக இருந்தது. அப்போது அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அம்மா கரண்டியைப் பாத்திரத்தின் விளிம்பில் தட்டினாள். "அந்தப் பையன் நம்ம வீட்டுத் துக்கத்துல தொண்டை வறள நின்னவன். உங்க பெரியப்பா, சித்தப்பா எல்லாம் கூடாரத்துக்குள்ள நிழல் தேடிப் போயிட்டாங்க. அவன் வெயில்ல நின்னான். நான் கண்ணால பாத்தேன்."

"நானும் பாத்தேன்மா. அதையும் அவன்தான் பண்ணான்."

"அதையும்னா? வேற எத?"

முத்தேயு சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, அதற்கு மேல் ஸ்வெட்டரைப் போட்டுக் கழுத்துவரை பொத்தான் மாட்டினாள்.

*

ஊருக்குள் ஆள் ஏற்றி ஓடும் மட்டாட்டு வேனில் வானொலி அலறிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு நேயர் கூமேக்காகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். ஸ்வெட்டருக்கு வெளியே எட்டிப் பார்த்த மஞ்சளைக் கண்டக்டர் கவனித்துவிட்டான்.

"அக்கா, உங்க ஆளத்தான் காலையிலேருந்து ரேடியோல துவைச்சுக் காயப்போடறாங்க. சட்டைய உள்ள தள்ளிக்குங்க, ஈரம் ஒட்டிக்கப் போவுது."

வண்டியே சிரித்தது. பின்சீட்டில் காய்கறிக் கூடையோடு இருந்த பெண் சிரிக்கவில்லை.

"பொண்ணுங்களுக்கும் புத்தி வேணும். தெரியாதவன் வண்டியில ஏறலாமா?"

"நீங்க இப்ப ஏறியிருக்கீங்களே" என்றாள் பக்கத்தில் இருந்தவள். "இந்த டிரைவர் உங்க மாமன் மகனா?"

"இது வேற, அது வேற."

"ஆமா. இதுல காசு வாங்கிட்டு ஒழுங்கா இறக்கி விடறாங்க."

முத்தேயு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜோகூ சாலை நெடுக, கூமேயின் முகம் போட்ட சுவரொட்டிகள். இரண்டில் ஒன்று கிழிந்திருந்தது.

*

மத்தியானம் ரசிகர் கூட்டம் கூடியது ஒரு கார் கழுவும் இடத்தில். உரிமையாளர் பழைய ரசிகர். பம்பை நிறுத்திவிட்டு, பெஞ்சுகளை ஈரச் சிமெண்டில் போட்டு வைத்திருந்தார். நாற்பதுக்கு மேல் இருந்தார்கள். கச்சேரி மைதானம் அங்கிருந்து பத்து நிமிட நடை. மஞ்சள் சட்டையோடு ஊர்வலமாகப் போகலாமா, வேண்டாமா என்று முடிவெடுக்கத்தான் கூட்டம்.

ஜெப்டும் சாதாரண நீலச் சட்டையில் வந்திருந்தாள். முத்தேயுவோடு வாசலில் நின்று முடிச்சுப் போடுகிறவள்.

"உன் மஞ்ச சட்டை எங்கடி?"

"தரை துடைக்கப் போட்டுட்டேன். நல்ல பருத்தி. தண்ணிய என்னமா இழுக்குது தெரியுமா!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கண் சிவந்திருந்தது.

ஆளுக்கொரு பக்கம் பேசினார்கள். பாட்டு வேறு, ஆள் வேறு என்றார் ஒருவர். கோர்ட் சொல்லட்டும், அதுவரைக்கும் வாயைத் திறக்க வேண்டாம் என்றார் இன்னொருவர். கல்யாணத்துக்கு அவன் பாட்டில்தான் நடந்து வந்தேன், இப்ப அந்தக் காணொளிய அழிக்கணுமா என்று ஒரு பெண் யாரையும் பார்க்காமல் கேட்டாள்.

அப்புறம் ஓம்வெங்கா எழுந்தான். இன்சூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. ஒரு காலத்தில் மாதக்கணக்கில் அறையைவிட்டு வெளியே வராமல் கிடந்தவன். மச்வேயோ பாட்டுத்தான் தன்னை எழுப்பி உட்கார வைத்தது என்று எல்லோரிடமும் சொல்வான். அது உண்மை என்று முத்தேயுவுக்குத் தெரியும்.

"நான் யாரையும் திட்டல" என்றான். "ஒரே ஒரு கேள்விதான் கேக்கறேன். அன்னிக்கு எண்ணூறு பேர். அவன் நேரா அவகிட்ட வந்து 'தனியாத்தானே வந்தே'ன்னு கேட்டானாம். அவ தனியா வந்தவன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் என்ன தீர்க்கதரிசியா? இந்தக் கேள்விய ஒன்பது நாளா நான் அவகிட்டயே கேக்கறேன். 'எனக்குத் தெரியல'ங்கறா. சொந்தக் கதையிலயே இவ்வளவு பெரிய ஓட்டை!"

கைதட்டல் எழுந்தது. நிம்மதியின் கைதட்டல். கேட்க ஆசைப்பட்டதைக் கேட்டுவிட்டவர்களின் முகம் அங்கே பாதிப் பேருக்கு இருந்தது.

முத்தேயு பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

சொல்லாமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியாது. நாலு மணிக்கு முன்வரிசையில் நின்றால், முமோவின் டிசம்பர் தப்பிக்கும். அம்மாவின் நன்றி தப்பிக்கும். அப்பா போன பிறகு வாரம் தவறாமல் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்த இந்த நாற்பது பேரும் அவளுக்கு மிஞ்சுவார்கள். வகேஷோ மட்டும் ஓட்டைக் கதையோடு தனியாக நிற்பாள். ஏற்கெனவே தனியாகத்தானே நிற்கிறாள் என்று மனசு சொன்னபோது, முத்தேயுவுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

எழுந்தாள். ஸ்வெட்டரின் பொத்தான்களைக் கழற்றினாள்.

"அவ கையில ரெண்டு முடிச்சு இருந்துது" என்றாள்.

ஜெப்டும் சட்டென்று திரும்பினாள். மற்றவர்களுக்குப் புரியவில்லை. முத்தேயு இரண்டாவது முடிச்சின் அர்த்தத்தைச் சொன்னாள். அது தெரிந்த எட்டுப் பேரின் பெயரையும் சொன்னாள்.

"ஆனா குழுவுல யாருக்கும் அது தெரியாதே" என்றாள் ஜெப்டும் மெதுவாக. "நாம வெளிய சொன்னதே இல்லையே."

"கூமேக்குத் தெரியும். நான்தான் சொன்னேன். ஆகஸ்ட்ல. எங்கப்பாவப் பொதைச்ச அன்னிக்கு."

முத்தேயு அதோடு நிறுத்தவில்லை.

"அது மட்டும் இல்ல. அக்டோபர் கச்சேரி முடிஞ்சதும் நான் முடிச்ச எண்ணினேன். ஒரு பொண்ணு குறைஞ்சுது. கூமேயே கொண்டுபோய் விடறானாம்னு சொன்னாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? அதிர்ஷ்டக்காரின்னு சொன்னேன். சிரிச்சேன்."

"இத ஒன்பது நாளா உள்ள வெச்சிருந்தியா?" ஓம்வெங்காவின் குரல் உடைந்தது. "நான் அந்தப் பொண்ணப் போய்... ஊர் முழுக்க... நீ வாயத் திறக்காம பாத்துக்கிட்டு இருந்தியா?"

"ஆமா."

"பொய் சொல்றா!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். "தம்பிக்கும் கூமேக்கும் ஏதோ தகராறு. அதான்."

"வாங்கப்பா, மைதானத்துக்குப் போவோம்."

பெஞ்சுகள் உரசின. பத்துப் பதினைந்து பேர் எழுந்துவிட்டார்கள். அப்போது கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு பெண் கையைத் தூக்கினாள், பள்ளிக்கூடத்தில் போல. பெயர் முஹொன்ஜா. போன வருஷத்திலிருந்து வருகிறாள். கூட்டத்தில் யாரும் அவள் குரலைக் கேட்டதில்லை.

"எனக்கும் ரெண்டு முடிச்சு போட்டாங்க, போன செப்டம்பர்ல. அவர் மேடையிலேருந்து இறங்கி வந்தார். முகத்தப் பாக்கல, கையத்தான் பாத்தார். 'உன்ன யாரு வீட்ல விடறாங்க?'ன்னு கேட்டார். அதுக்குள்ள ஜெப்டும் அக்கா வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. எனக்கு ஒண்ணும் ஆகல. ஒன்பது மாசமா இத நான் தோழிங்ககிட்ட பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

ஜெப்டும் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

போகிறவர்கள் போனார்கள். கதவு தாண்டும்போது சிலர் கோபமாகப் போனார்கள், சிலர் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். மிச்சம் பதினேழு பேர். ஓம்வெங்கா உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. கேட்டருகில் நின்றான்.

"அந்தப் பாட்டையெல்லாம் நான் என்ன பண்றது, முத்தேயு?"

"எனக்குத் தெரியல. எங்கம்மா தினமும் துணி துவைக்கறப்ப அதத்தான் பாடறாங்க."

அவன் உள்ளே வந்து, கைபேசியை எடுத்து, ஒன்பது நாளாக எழுதியதை ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தான்.

"அழிச்சா போதாது" என்றாள் ஜெப்டும்.

"தெரியும். எதத் தப்பா எழுதினேன்னு எழுதிட்டு அழிக்கறேன். கொஞ்சம் சும்மா இரு."

*

முத்தேயு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒதுங்கிப் போய் வகேஷோவுக்கு எழுதினாள். 'ஞாபகம் இருக்கு. அவனுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு எனக்குத் தெரியும். எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்.'

ஒரு நிமிஷத்தில் அழைப்பு வந்தது.

"எங்க வேணும்னாலும்னா, போலீஸ் ஸ்டேஷன்லயுமா அக்கா?"

"அங்கயும்தான்."

"எப்படித் தெரிஞ்சுது அவருக்கு?"

முத்தேயு சொன்னாள். சுருக்காமல், தன்னை விட்டுவிடாமல் சொன்னாள். வகேஷோ திட்டுவாள் என்று காத்திருந்தாள்.

"அப்ப நான் ஏதோ பண்ணித்தான் அவர் எங்கிட்ட வந்தார்னு இல்ல" என்றாள் அந்தப் பெண், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல. "எட்டு மாசமா அதத்தான் தேடிக்கிட்டிருந்தேன். என்ன உடுத்தினேன், எப்படிச் சிரிச்சேன்னு. ஒரு துணிய வெச்சுத்தான் கண்டுபிடிச்சிருக்கார்."

"என்ன மன்னிக்கணும்னு கேக்கல வகேஷோ."

"நானும் மன்னிக்கறேன்னு இப்ப சொல்லல. கோபம் இருக்கு. திங்கக்கிழமை பத்து மணி. வக்கீலம்மா ஆபீஸ். வருவீங்களா?"

"வருவேன்."

"முன்னாடியே வந்துருங்க. தனியா படியேற எனக்கு நடுங்குது."

"ஒன்பதரைக்கே வாசல்ல நிப்பேன்."

அழைப்பு முடிந்தபோது முத்தேயு ஒன்பது நாளில் முதல்முறையாக முழு மூச்சு விட்டாள்.

வீட்டுக்குப் பேசாமல் இருக்க முடியாது. அம்மா முதல் மணியிலேயே எடுத்தாள்.

"கேட்டேன்" என்றாள். "நீ பேசினத எவனோ பதிவு பண்ணி அனுப்பியிருக்கான். பக்கத்து வீட்டுக்காரி காட்டினா."

"கோபமாம்மா?"

"உங்கப்பா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பார்னு ரொம்ப நேரம் யோசிச்சேன். தெரியல. அப்புறம் நானேதான் யோசிக்க வேண்டியதாப் போச்சு." மூக்கை உறிஞ்சினாள். "அவன் பாடினது நிஜம்தான். எனக்கு அன்னிக்கு அது தேவைப்பட்டுது. ஆனா நம்ம துக்கத்துல நீ வாய்விட்டுச் சொன்னத எடுத்துக்கிட்டுப் போய் அவன் இதுக்கு வெச்சுக்கிட்டான் பாரு... அத நான் விடமாட்டேன். அந்தப் பொண்ணுக்காக நீ சாட்சி சொல்லப் போறப்ப நானும் வரவா?"

"எந்தக் கிழமைன்னே தெரியாம வரேங்கறியேம்மா?"

"எந்தக் கிழமையா இருந்தாலும்தாண்டி. முமோ எங்க? போன எடுக்க மாட்டேங்கறான்."

முத்தேயு திரும்பிப் பார்த்தாள். மணி மூன்றே முக்கால். மைதானத்தில் இருக்க வேண்டிய முமோ, வெண்கலத் தட்டு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, கார் கழுவும் இடத்துக் கேட்டுக்குள் ஓடிவந்துகொண்டிருந்தான்.

"அம்மா, அப்புறம் கூப்பிடறேன்."

அவன் மூட்டையைச் சிமெண்டில் வைத்துவிட்டுக் குனிந்து மூச்சு வாங்கினான்.

"கச்சேரி?"

"தொடங்கல. நான் எறங்கி வந்துட்டேன். எல்லாரும் உன் பேச்சத்தான் கேட்டுக்கிட்டிருக்காங்க." நிமிர்ந்தான். முகத்தில் வியர்வையா கண்ணீரா என்று சொல்ல முடியவில்லை. "அக்கா, அன்னிக்கு வேன் சாவி எங்கிட்டதான் இருந்துது. அவன் கேட்டான், கொடுத்தேன். கூமேயே கொண்டுபோய் விடறான்னு உங்கிட்ட வந்து சொன்னதும் நான்தான். உனக்கு ஞாபகம் இல்லையா?"

அவளுக்கு ஞாபகம் இருந்தது. மற்றவர்கள் முன்னால் 'சொன்னாங்க' என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

"மறுநாள் காலையில வேன் பின்சீட்டுல ஒரு செருப்பு கெடந்துது. ஒத்தைச் செருப்பு. கேட்டேன். சிரிச்சான். நான் அதோட விட்டுட்டேன்." கையால் வாயைத் துடைத்தான். "இத நானும் சொல்லணும். எங்க போய்ச் சொல்லணும்னு சொல்லு."

முத்தேயு அவன் கையைப் பிடித்துப் பெஞ்சில் உட்கார வைத்தாள்.

"திங்கக்கிழமை. எங்கூடவே வா."

"அதுவரைக்கும் நேரம் இல்லக்கா." அவன் கேட்டைப் பார்த்தான். "நான் எறங்கினதுமே அவன் வேன எடுத்துக்கிட்டான். இங்கதான் வந்துக்கிட்டிருக்கான்."

சொல்லி முடிப்பதற்குள் தெருமுனையில் ஹார்ன் கேட்டது. எல்லோருக்கும் தெரிந்த ஹார்ன். அந்தச் சத்தத்துக்கு ஆறு வருஷமாக ஓடிப்போய் வரவேற்றவர்கள் அவர்கள்.

முஹொன்ஜா எழுந்துவிட்டாள். ஜெப்டும் அவளைத் தன் பக்கமாக இழுத்து உட்கார வைத்தாள். ஓம்வெங்கா கைபேசியைப் பையில் போட்டுவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல், பெஞ்சைத் தூக்கி அவர்கள் இருவருக்கும் முன்னால் போட்டு அதில் உட்கார்ந்தான். அவன் பக்கத்தில் இன்னொருவர் வந்து உட்கார்ந்தார். பிறகு இன்னொருவர்.

வேன் கேட்டுக்குள் திரும்பியது. கதவு திறந்தது.

பதினேழு பேரில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.